அம்மை குத்தியவர்களிடம் இன்னும் யாரும் கேட்காதவை: விவாத இழை

இழையைத் தொடங்கிய கேள்வி, 7 ஜூன் 2025

"பெரியம்மை ஒழிப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனமே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வரலாறு எழுதிவிட்டது. அரசு அறிக்கைகளும் இருக்கின்றன. அதற்கு மேல், எழுபது எண்பது வயதில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் ஹெல்த் இன்ஸ்பெக்டர்களையும் அம்மை குத்தியவர்களையும் தேடிப் பிடித்து ரெக்கார்ட் பண்ணி என்ன ஆகப் போகிறது? ஐம்பது வருஷத்துப் பழைய நினைவை எப்படி நம்புவது? குடும்பத்துக்கு வேண்டுமானால் சந்தோஷம். வரலாற்றுக்கு உதவாது என்பது என் கருத்து."

7 ஜூன், இரவு

உதவும்.

அந்தப் பெரிய புத்தகம் 1988-ல் வந்தது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் திட்டத்தை நடத்திய அதிகாரிகள். எந்த மாதம் எந்த மாநிலத்தில் எத்தனை நோயாளிகள், உத்தி எப்படி மாறியது, தடுப்புப்பால் எங்கே தயாரானது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வாசற்படியில் நின்று பேசியவர் என்ன சொன்னார், வீட்டுக்காரர்கள் என்ன திட்டினார்கள், அன்று ராத்திரி அவர் எங்கே படுத்தார் என்பது அதில் இருக்க முடியாது. அதைத் தெரிந்தவர் வேறு ஆள்.

1974-ல் இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்குப் பெரியம்மை வந்தது. 31,000 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷமே நாட்டுக்குள் நோய் நின்றுவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட களப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் எத்தனை பேருடைய குரல் எங்கேயாவது பதிவாகியிருக்கிறது? அப்போது 22 வயதுக்காரருக்கு இப்போது 73. சீனியராக இருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்து இந்த விவாதத்துக்கே வேலை இருக்காது, கேட்க ஆள் இருக்காது.

8 ஜூன்

நினைவு நம்பகமானதா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

நினைவு தேதியை மாற்றும், ஊரை மாற்றும், இரண்டு சம்பவங்களை ஒன்றாக்கும். இதை வாய்மொழி வரலாற்றுக்காரர்கள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இத்தாலியில் டெர்னி என்று ஓர் எஃகு ஆலை ஊர். அங்கே ஒரு தொழிலாளி 1949-ல் போராட்டத்தில் போலீஸால் கொல்லப்பட்டார். பின்னால் ஊர்க்காரர்களைக் கேட்டால் பலர் அந்தச் சாவு 1953-ல், ஆலையில் ஆட்குறைப்பு நடந்தபோது, நடந்தது என்றார்கள். தேதி தவறு. ஆனால் அந்த ஊருக்கு எந்தக் காயம் பெரிதாகப் பட்டது என்பது அந்தத் தவறில்தான் தெரிந்தது.

அப்புறம், நம்ம ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. டிஏ பில், அதாவது பயணப்படிக் கணக்கு. முன்பயணத் திட்டம், டூர் டைரி, பயணப்படிப் பட்டியல் என்று எங்கே போனாலும் எழுதித் தீர வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊர், எத்தனை மைல், சைக்கிளா பஸ்ஸா எல்லாம் அதில் இருக்கும். பலர் நகலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள், பணம் பாஸாகும்வரை தூக்கிப்போட மாட்டார்கள். நினைவை எதோடு ஒத்துப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் பரணில் ஏறிப் பாருங்கள்.

8 ஜூன், சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிஏ பில்லையும் அப்படியே நம்பக் கூடாது. போகாத ஊருக்குப் பில் போட்டவர்களும் உண்டு, போன ஊருக்குப் போட மறந்தவர்களும் உண்டு. பேச்சும் காகிதமும் ஒன்றையொன்று கேள்வி கேட்கட்டும்.

9 ஜூன்

ஒரு நண்பர் "இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி பீகாரில்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1974-ல் மிக மோசமாக அடிபட்டது பீகார்தான், அதனால் அப்படித் தோன்றும். இந்தியாவில் கடைசியாக நோய் கண்டுபிடிக்கப்பட்டது 24 மே 1975, அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில், சாய்பான் பீபி என்ற பெண்ணிடம். அதே வருஷம் அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற குழந்தை. 1977 அக்டோபரில் சோமாலியாவில் அலி மாவ் மாலின். இயற்கையாகப் பரவிய நோய் அவரோடு முடிந்தது. மே 1980-ல் உலக சுகாதாரப் பேரவை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

கடைசியாக நோய் வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்த அடிமட்ட ஊழியர்களின் பெயரை இங்கே யாராவது சொல்ல முடியுமா?

11 ஜூன்

நான் யாரைப் பதிவு செய்தேன் என்று கேட்கிறீர்கள். என் தாய்மாமா. பெயர் வேண்டாம், அவர் விரும்பியிருக்க மாட்டார். அறுபதுகளின் கடைசியில் தர்மபுரிப் பக்கம் அம்மை குத்துபவராக வேலையில் சேர்ந்தார். ஹெல்த் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். இப்போது இல்லை. நல்லவேளை, அவர் தெளிவாகப் பேசும் காலத்திலேயே உட்காரவைத்துவிட்டேன்.

வடக்கே எரிந்துகொண்டிருந்த அளவுக்கு இங்கே எழுபதுகளில் நோய் இல்லை. ஆனால் எந்த ரயிலிலும் வந்து இறங்கலாம் என்ற பயம் இருந்தது. அதனால் தேடுதல் நிற்கவில்லை. கையில் ஓர் அட்டை, அதில் அம்மை போட்ட குழந்தையின் படம். "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் டீக்கடையிலும் காட்ட வேண்டும். நோயைச் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். கடைசியில் அது 1,000 ரூபாய் வரை போனது. அந்தக் காலத்து 1,000 ரூபாய்! சின்னம்மை போட்ட பிள்ளைகளையெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று மாமா சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் பாதத்தையும் பார்க்க வேண்டும். பெரியம்மை முகத்திலும் கைகால்களிலும் அடர்த்தியாக வரும், உள்ளங்கையிலும் பாதத்திலும் வரும், கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை உடம்பில்தான் அதிகம், ஒன்று முளைக்கும்போது இன்னொன்று காய்ந்திருக்கும். பார்வை மங்கிய வயதிலும் இதை என் கையைப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டேன். "வேப்பிலைதான்" என்றார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே தெருவில் போவாராம். கொஞ்ச நாளில் ஜனங்கள் இதைப் புரிந்துகொண்டு, வேப்பிலையை வாசலில் வைக்காமல் உள்ளே வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அவர் வேறு வழி பார்த்தார். எந்த வீட்டில் தாளிப்பு வாசனை வரவில்லை, எந்த வீட்டுக்காரர் திடீரென்று சவரம் செய்யவில்லை என்று கவனிப்பது. எந்தக் கையேட்டில் இது இருக்கும்?

ஒன்று முக்கியம். மாமா மாரியம்மன் பக்தர். ஆடியில் கூழ் ஊற்றத் தவறியதே இல்லை. ஆத்தா பார்வை பட்ட வீட்டில் ஊசியோடு நுழைவது அவருக்கு முரணாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். "ஊருக்கு வந்தா கும்பிட்டு அனுப்பி வைக்கணும். நான் அனுப்பி வைக்கிற வேலையைத்தான் பார்த்தேன்" என்றார். ஜனங்களின் மூடநம்பிக்கையோடு படித்தவர்கள் போராடினார்கள் என்று எழுதப்படும் கதையில் இவரை எங்கே வைப்பது?

11 ஜூன், பின்னிரவு

மாமா சொன்னதிலேயே கனமானதை மேலே விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். யோசித்துப் பார்த்தால், அதை விட்டுவிட்டு இந்த இழையில் பேசுவது சரியில்லை.

ஒரு கிராமத்தில் நோய் சந்தேகம். பகலில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், அதனால் ராத்திரி போனார்கள். கூடவே ஒரு போலீஸ்காரர். கதவைத் தட்டித் தட்டித் திறக்கவைத்து, ஓடியவர்களைப் பிடித்து நிறுத்திக் குத்தினார்கள். ஒரு பாட்டி பேரனைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மாமாதான் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் எழுந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"குத்தினது தப்பில்லை. அந்தக் கிழவியைத் தள்ளினது தப்பு." இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1939-ம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே அம்மை குத்திக்கொள்வது கட்டாயம். வட இந்தியாவில் 1974, 75-ல் கதவை உடைத்து, ஆளை அமுக்கிப் பிடித்துக் குத்தியதையெல்லாம் வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தள்ளியவரே சொல்வது வேறு. அரசு அறிக்கையில் அது "எதிர்ப்பு சமாளிக்கப்பட்டது" என்ற ஒரு வரியாக இருந்திருக்கும்.

12 ஜூன்

"என் தோளில் இருக்கும் வடு பெரியம்மைத் தடுப்பூசி, நான் 1985-ல் பிறந்தவன்" என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். அது பி.சி.ஜி., காசநோய்க்குப் போட்டது. எழுபதுகளின் கடைசியிலேயே இங்கே பெரியம்மைக்குக் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அம்மா அப்பா கையைப் பாருங்கள். ஐம்பதுகளில் பிறந்தவர்களுக்குப் பெரிய வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அது திருகுவட்டு ஊசியின் வேலையாக இருக்கலாம். சின்ன வட்டில் முட்கள், தோலில் வைத்துத் திருகுவார்கள். பின்னால் வந்தது இரண்டு முனை ஊசி. இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு துளி தடுப்புப்பால் நிற்கும், பதினைந்து குத்து, முடிந்தது. பழைய ஊசியைப் பார்த்து ஓடிய குழந்தைகள் புதிய ஊசிக்கு நின்றார்கள் என்றார் மாமா.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த வடுவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கே, யார், அழுதீர்களா? குத்தப்பட்டவர்களின் நினைவும் இதில் பாதி.

15 ஜூன்

ஒருவர், தன் தாத்தா அம்மை குத்தினார் என்று வீட்டில் சொல்கிறார்கள், பணிப்பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லையே, பொய்யா என்று கேட்கிறார்.

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1973-ல் கர்தார் சிங் குழு, தனித்தனி நோய்க்குத் தனித்தனி ஊழியர் வேண்டாம், எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கட்டும் என்று பரிந்துரைத்தது. அம்மை குத்தியவர், மலேரியாவுக்கு ரத்தத் தடவல் எடுத்தவர் எல்லோரும் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். பதவிப் பெயர் மாறியது, பதிவேடு புதிதாக எழுதப்பட்டது, பழைய பக்கங்கள் பல இடங்களில் கிழிந்தன. தாத்தாவின் எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) இருந்தால் 1975-க்கு முந்தைய சம்பள உயர்வுப் பதிவுகளைப் பாருங்கள், அங்கே பழைய பதவி ஒளிந்திருக்கும்.

பதிவேடுகள் எங்கே போகின்றன என்பதும் தெரிய வேண்டும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய பிறப்பு இறப்புக் குறிப்புகளும் தடுப்பூசிப் பேரேடுகளும் இருக்கின்றனவா என்று கேட்டேன். கட்டடம் இடித்தபோது எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கு வைக்க இடமில்லை. ஆனால் அது போனபிறகு மிஞ்சியிருப்பது மனிதர்கள் மட்டும்தான்.

15 ஜூன், மாலை

மறந்துவிடும் முன்: பணியாளரின் மனைவியையும் கேளுங்கள். எங்கள் பதிவில் மாமாவைவிட அத்தை சொன்னதுதான் பல இடங்களில் துல்லியம். மாமா சுற்றுப்பயணம் முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் வர முடியாது. கிணற்றடியில் குளித்து, உடுப்பை அத்தை கொதிக்கவைத்த பிறகுதான் நுழைய வேண்டும். அந்தத் தெருவில் இவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கினார்கள், அம்மையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம். முதல் பிள்ளை பிறந்த வீட்டுக்கு யாரும் பார்க்க வரவில்லை. இதையெல்லாம் மாமா சொல்லவே இல்லை. அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்ததால்தான் தெரிந்தது.

2020-ல் செவிலியர்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள் என்று செய்தியில் படித்தபோது எனக்கு அத்தையின் குரல்தான் கேட்டது.

16 ஜூன்

"பெரியம்மை மட்டும்தானா?" என்று கேட்டவருக்கு.

இல்லை. சென்னையில் 1986-ல் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது இங்கேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். அந்த மாதிரிகளை எங்கே வைத்தார்? தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில். அப்புறம் கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு. சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது அவற்றில் எச்.ஐ.வி. இருந்தது.

ஆய்வுக் கட்டுரையில் வீட்டு ஃபிரிட்ஜ் வராது. கணவர் கூடப் போனதும் வராது. இதெல்லாம் பரவலாகத் தெரியவந்தது முப்பது வருஷம் கழித்து, யாரோ அவரைத் தேடிப் போய்க் கேட்டதால். சுனிதி சாலமன் 2015-ல் காலமானார். நிர்மலாவையும் யாரும் கேட்காமல் விட்டிருந்தால் நமக்கு "ஆறு மாதிரிகள்" என்ற எண் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த மாதிரியைக் கொடுத்த பெண்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அது வேறு துக்கம்.

17 ஜூன்

அமெரிக்காவோடு ஒப்பிட்டு ஒருவர் கேட்டார். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெரியம்மை வேலைக்குப் போனவர்கள் 2006-ல் அட்லாண்டாவில் கூடினார்கள். அப்போதே பலரைப் பேட்டி எடுத்து, எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், கேட்டுப் பாருங்கள். சில மாதம் வந்து போன வெளிநாட்டு மருத்துவர் தன் ஜீப் டிரைவரைப் பற்றி அன்போடு சொல்வார், மொழிபெயர்த்துச் சொன்ன உள்ளூர்ப் பணியாளரைப் பற்றிச் சொல்வார். அந்த டிரைவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு வேண்டும். அவர்கள் தங்கள் ஆட்களைப் பதிவு செய்தார்கள், நம் ஆட்களை நாம்தான் செய்ய வேண்டும்.

20 ஜூன்

கொரோனா பற்றி. இதில் தாமதம் வேறு மாதிரி. ஆட்கள் இருக்கிறார்கள், இளம் வயது. ஆனால் ஆதாரமெல்லாம் செல்போனில்.

2020, 21-ல் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு வாட்ஸ்அப் குழு. எந்தத் தெரு அடைப்பு, யாருக்கு ஆக்சிஜன் படுக்கை வேண்டும், கவச உடை வந்ததா, சுடுகாட்டில் எத்தனை பேர் வரிசை. அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள். போன் மாற்றியபோது பாதி போயிற்று. குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, இன்றைக்கே செய்யுங்கள். ஒரே எச்சரிக்கை: அதில் நோயாளிகளின் பெயர், முகவரி, எண் கொட்டிக் கிடக்கும். அவற்றை நீக்காமல் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்றால் நான் மூன்று பேரைச் சொல்வேன். கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்து, 2022 டிசம்பரோடு வேலை முடிந்துபோன செவிலியர்கள். மாநகராட்சிக்காகத் தெருத் தெருவாகக் காய்ச்சல் கணக்கெடுத்த தற்காலிகப் பணியாளர்கள். மயானத் தொழிலாளர்கள். மூன்று பேருக்குமே நிரந்தரப் பதிவேடு கிடையாது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துப் புதைத்தார். அந்த மருத்துவர் பேசியதால் நாடு கேட்டது. அன்று ஆம்புலன்ஸில் அடிபட்ட ஊழியர்களும் பேச வேண்டும்.

3 ஜூலை

நான் பயந்த கேள்வி வந்துவிட்டது. "ராத்திரியில் கதவைத் தட்டிக் குத்தினார்கள் என்றெல்லாம் பதிவு செய்து பொதுவில் வைத்தால், தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கு நீங்களே ஆயுதம் கொடுக்கிறீர்கள்."

இரண்டு வாரமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். 11-ம் தேதி எழுதியதை எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எடுக்கப் போவதில்லை.

முதல் காரணம், அந்தப் பாட்டியின் பேரன் பிழைத்திருந்தால் இப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அந்த ஊரில் கதை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அவர்கள் சொல்லும் கதையில் போலீஸும் ஊசியும் மட்டும் இருக்கும், தள்ளியவர் நாற்பது வருஷமாக அதைச் சுமந்தார் என்பது இருக்காது. மறைத்தால் நம் பக்கத்துக் கதைதான் காணாமல் போகும்.

இரண்டாவது, பின்னால் வந்த போலியோ சொட்டு மருந்து வேலையில் இதே துறை வேறு மாதிரி நடந்துகொண்டது. 1995-ல் நாடு முழுக்கத் தொடங்கியது, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ நின்றது. அதில் போலீஸ் முன்னால் நிற்கவில்லை. நர்ஸம்மா திரும்பத் திரும்ப வந்தார், சத்துணவு அமைப்பாளர் வந்தார், விரலில் மை வைத்தார்கள். மறுத்த வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். முன்னது தெரிந்தால்தான் பின்னதன் அருமை தெரியும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாமா அதைச் சொல்ல விரும்பினார். யாரும் கேட்கவில்லை என்பதால்தான் அவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தார்.

ஆனால் வேறொன்றை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எந்தத் தெருவில் தண்ணீர் எப்படிக் கொடுத்தார்கள் என்ற பேச்சு வந்தபோது, "அதை நிறுத்து" என்று ரெக்கார்டரைக் காட்டினார். நிறுத்தினேன். அவர் சொன்னது எனக்குத் தெரியும், அங்கேயே இருக்கட்டும். இங்கே வந்து "ஜாதியைப் பற்றி ஏன் எழுதவில்லை" என்று கேட்டவருக்கு இதுதான் பதில். ஜாதி இருந்தது, நிறைய இருந்தது. அதைப் பதிவில் சொல்லச் சம்மதிக்கும் வேறு ஒருவரிடம் கேட்க வேண்டும்.

5 ஜூலை

வேலை முறை கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பெரிய கருவி வேண்டாம், போன் போதும். ஃபேனை நிறுத்த முடியாது, வெயிலில் பெரியவர் தவிப்பார், அதனால் போனை அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். டிவி சீரியல் நேரத்துக்குப் போகாதீர்கள். "உங்கள் சாதனை என்ன" என்று ஆரம்பித்தால் பாராட்டு விழாவில் பேசியதையே திரும்பப் பேசுவார்கள். "வேலையில் சேர்ந்த முதல் நாள் என்ன உடுத்தியிருந்தீர்கள், பையில் என்ன இருந்தது" என்று ஆரம்பியுங்கள். பொருள் கையில் இருந்தால் இன்னும் நல்லது: பழைய தோல் பை, பிளாஸ்க், அடையாள அட்டை. மௌனம் வந்தால் நீங்கள் நிரப்பாதீர்கள்.

சம்மதத்தை எழுதி வாங்குங்கள், அதைவிட முக்கியம், பதிவிலேயே அவர் வாயால் சொல்லவையுங்கள். எது இப்போது வெளியாகலாம், எது அவர் காலத்துக்குப் பிறகு, எது எப்போதுமே வேண்டாம் என்று மூன்றையும் கேளுங்கள். இணைய ஆவணகத்திலோ விக்கிமீடியா பொதுவகத்திலோ ஏற்றிவிட்டால் ஊரெல்லாம் நகல் போய்விடும், திரும்ப வாங்க முடியாது. அதனால் முழுப் பதிவையும் உடனே ஏற்ற வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் நகல் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். யார், எப்போது, எந்த ஊரில் பேசினார் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். "புதிய பதிவு 14" என்று இருக்கும் கோப்பை உங்கள் பிள்ளைகள் அழித்துவிடுவார்கள்.

6 ஜூலை

பேச்சை எழுத்தில் எடுக்கும்போது தயவுசெய்து சுத்தமான தமிழாக்காதீர்கள். மாமா "அம்மை வார்த்துட்டு போச்சு" என்றதை நான் "நோய் தணிந்தது" என்று எழுதியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

14 ஜூலை

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு, இங்கே பதில் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டர். அம்மை, காலரா, சுனாமி எல்லாம் பார்த்தவர். கேட்டால் "நான் என்ன பெரிய ஆளா, சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்" என்று எழுந்து போய்விடுகிறாராம்.

மகனிடம் சொல்ல மாட்டார்கள். இது பலருக்கும் நடக்கிறது. அவரோடு வேலை பார்த்த இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள். ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கேளுங்கள், கருவூலத்தில் ஆண்டு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் கேளுங்கள், யாராவது ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியும். இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவையுங்கள். அந்த நண்பர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னால் உங்கள் அப்பா சும்மா இருக்க மாட்டார், திருத்துவார். அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொள்ளும். நீங்கள் டீ கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருங்கள். இருவரிடமும் முன்பே சம்மதம் கேட்டுவிடுங்கள், மறைத்துவைத்துப் பதிவு செய்யாதீர்கள்.

அவர் நண்பர் எந்த வட்டாரம் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாமாவின் டூர் டைரியில் சில பெயர்கள் இருக்கின்றன, ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.